கிரவுனுக்குள் இருப்பது எது, ஊற்ற வேண்டியது எது?

வாகனப் பக்கம்: வாசகர் கேள்வி - பதில்

இஞ்சின் முறுக்கை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்து, திருப்பத்தில் அவை வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் பற்சக்கரத் தொகுதிதான் டிஃபரன்ஷியல், கராஜ் பேச்சில் 'கிரவுன்'. அதில் ஒரு சக்கரம் மட்டும் வீணாக வழுக்கிச் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் வகை, எல்.எஸ்.டி. எனப்படும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். அதைப் பற்றியும் அதற்கான ஆயில் பற்றியும் வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

ஜப்பானிலிருந்து வந்த பழைய டொயோட்டா ஹைலக்ஸ் ஒன்று வாங்கினேன். பின் டிஃபரன்ஷியல் எல்.எஸ்.டி. என்று விற்றவர் சொன்னார். கராஜில் இரண்டு பின் சில்லுகளையும் தூக்கி, ஒன்றைக் கையால் சுற்றிப் பார்த்தோம். மற்றது எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறது. 'அப்படியென்றால் சாதாரணம்தான்' என்கிறார் கராஜ்காரர். யார் சொல்வது சரி?
- வாசகர், கிளிநொச்சி

இந்தச் சோதனையின் முடிவை ஒரு பக்கம் மட்டும்தான் நம்பலாம். இரண்டு சக்கரமும் ஒரே திசையில் சுற்றினால் உள்ளே ஏதோ பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது உறுதி. எல்.எஸ்.டி.யாக இருக்கலாம், யாரோ ஸ்டார் பினியனை (டிஃபரன்ஷியலுக்குள் உள்ள சிறு பற்சக்கரம்) வெல்டிங் அடித்து வைத்ததாகவும் இருக்கலாம். எதிர்த் திசையில் சுற்றினால் மட்டும் 'சாதாரணம்' என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. உள்ளே அடுக்கிய உராய்வுத் தட்டுகள் தேய்ந்துபோன எல்.எஸ்.டி.யும் அப்படித்தான் சுற்றும். டார்சன் போன்ற ஹெலிகல் பற்சக்கர வகை, புத்தம் புதிதாக இருந்தாலும் கையால் சுற்றினால் பெரும்பாலும் எதிர்த் திசையில்தான் போகும். அதற்கு இஞ்சின் முறுக்கு வந்தால்தான் வேலை.

ஆகவே ஜாக்கியை ஓரமாக வைத்துவிட்டு முதலில் தகட்டைப் படியுங்கள். இஞ்சின் அறையிலோ கதவுத் தூணிலோ உள்ள டொயோட்டா அடையாளத் தகட்டில் நிறம், உள்ளலங்காரக் குறியீடுகளுக்குப் பக்கத்தில் அச்சின் குறியீடும் இருக்கும். ஓர் எழுத்து, மூன்று இலக்கம் என்று அமைந்த பழைய குறியீடுகளில் கடைசி இலக்கத்தைக் கவனியுங்கள். 2 அல்லது 4 என்றால் சாதாரண டிஃபரன்ஷியல். 3 அல்லது 5 என்றால் எல்.எஸ்.டி. 1980-களின் கொரோலா ஏ.இ.86 காரில் டி282 சாதாரணம், டி283 எல்.எஸ்.டி. எழுத்தில் முடியும் புதிய குறியீடு என்றால் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து உதிரிபாகப் பட்டியலில் தேடச் சொல்லுங்கள்.

மற்றக் கம்பெனிகளுக்கும் தனித்தனிக் குறி உண்டு. ஃபோர்டு அச்சின் போல்ட்டில் தொங்கும் சிறு தகட்டில் விகிதத்துக்கு நடுவே 'எல்' என்ற எழுத்து இருக்கும். 3எல்73 என்றால் 3.73 விகிதம், எல்.எஸ்.டி. ஜி.எம். வண்டியில் ஜி80 என்ற தெரிவுக் குறியீடு. பழைய பி.எம்.டபிள்யூ.வில் டிஃபரன்ஷியலின் உறையான ஹவுசிங்கில் விகிதத்துக்கு முன்னால் 'எஸ்' இருக்கும். எல்.எஸ்.டி. ஆயில் மட்டுமே ஊற்றவும் என்று ஹவுசிங்கிலேயே ஒட்டிவிடும் கம்பெனிகளும் உண்டு. சேறு பூசிக் கிடக்கும் ஹவுசிங்கை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்துப் பார்த்தால் பாதி வழக்கு அங்கேயே முடியும்.

ஒரு எச்சரிக்கை. தகடு சொல்வது தொழிற்சாலையில் இருந்ததை. பாகம் மாற்றிய பழைய வண்டியில் இப்போது எது இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அதனால் இன்னொரு சோதனையும் செய்யுங்கள். ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். மற்றது தரையில் இருக்கட்டும். முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை, கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் விட்ட நிலை. தூக்கிய சக்கரத்தைச் சுற்றுங்கள். பிரேக் உரசல் தவிர வேறு தடை இல்லாமல், கியர் பாக்ஸிலிருந்து வரும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றினால் உள்ளே பிடிமானம் இல்லை. இரண்டு கையாலும் தம் கட்டித் திருப்ப வேண்டியிருந்தால் தட்டு வகை எல்.எஸ்.டி., தட்டுக்கும் உயிர் இருக்கிறது. அசையவே மறுத்தால் வெல்டிங் அல்லது பூட்டு. டார்க் ஸ்பானரை மாட்டி அளந்தால் இன்னும் நல்லது. ஃபோர்டின் டிராக்‌ஷன்-லாக் அச்சுக்குக் குறைந்தபட்ச அளவு 27 நியூட்டன் மீட்டர். உங்கள் வண்டிக்கான எண்ணை அதன் சர்வீஸ் புத்தகத்திலிருந்துதான் எடுக்க வேண்டும்.

இஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டு, ஒற்றைச் சக்கரத்தைத் தூக்கி இந்தச் சோதனையை ஒருபோதும் செய்யாதீர்கள். எல்.எஸ்.டி.யாக இருந்தால் தரையில் உள்ள சக்கரத்துக்கும் முறுக்கு போகும். வண்டி ஜாக்கியிலிருந்து குதித்து எதிரில் நிற்பவர் மேல் ஏறும். வண்டியில் இருந்தபடியே சக்கரத்தைச் சுழற்றி பேலன்ஸ் செய்பவர்களிடமும் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கண்ணால் பார்த்தே தீர வேண்டுமென்றால், ஹைலக்ஸில் பின்பக்க மூடியைக் கழற்ற வழியில்லை. அதன் ஹவுசிங்கின் பின்முகம் வெல்டிங் செய்து மூடியது. டிஃபரன்ஷியல் முன்பக்கமாகத்தான் வெளியே வரும். ஆயில் ஊற்றும் துளை வழியாகக் கேமரா வயர் ஒன்றை விட்டுப் பார்க்கலாம். பெரிய ஜன்னலும் அதற்குள் ஸ்டார் பினியனும் மட்டும் தெரிந்தால் சாதாரணம். சைட் கியருக்கு (ஆக்சில் ஷாஃப்ட் மாட்டும் பற்சக்கரம்) பின்னால் தட்டு அடுக்கோ, நடுவில் ஸ்பிரிங்கோ தெரிந்தால் தட்டு வகை எல்.எஸ்.டி. ஸ்டார் பினியனே இல்லாமல் உருளைக் கூட்டுக்குள் சாய்வான பற்கள் கொண்ட பினியன்கள் படுத்திருந்தால் ஹெலிகல்.

இவ்வளவுக்கும் நேரமில்லை, நாளையே ஆயில் மாற்ற வேண்டும் என்றால், ஜி.எல்.-5 என்ற கியர் ஆயில் தரத்தில் 'லிமிடெட் ஸ்லிப்' அல்லது 'எல்.எஸ்.' என்று எழுதிய ஆயிலை ஊற்றுங்கள். சாதாரண டிஃபரன்ஷியலுக்கு அதனால் கெடுதல் இல்லை, காசுதான் கொஞ்சம் கூட. தட்டு வகை எல்.எஸ்.டி.யில் வெறும் ஜி.எல்.-5 ஊற்றுவதுதான் வம்பு.

மஸ்கட்டில் முதலாளியின் நிஸான் பேட்ரோல் ஓட்டுகிறேன். சர்வீஸில் பின் கிரவுன் ஆயிலை 80டபிள்யூ-90 ஜி.எல்.-5 போட்டு மாற்றினார்கள். அதிலிருந்து பார்க்கிங்கில் மெதுவாக முழுசாக ஒடித்துத் திருப்பினால் பின்னால் 'கடகட'வென்று உதறுகிறது. நேர் ரோட்டில் ஒன்றுமில்லை. கிரவுன் போய்விட்டதா?
- வாசகர், மஸ்கட்

கிரவுன் போயிருந்தால் நேர் ரோட்டில்தான் அதிகம் கத்தும். முதலில் டிரான்ஸ்ஃபர் லீவர் 4 ஹெச்சில் (நான்கு சக்கர இழுப்பு) மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். உலர்ந்த தார் ரோட்டில் 4 ஹெச் போட்டுத் திருப்பினால் எந்த ஆயில் இருந்தாலும் வண்டி இப்படித்தான் இழுத்து உதறும். லீவர் 2 ஹெச்சில் (பின் சக்கர இழுப்பு மட்டும்) இருந்தும் உதறினால் குற்றவாளி ஆயில்தான்.

தட்டு வகை எல்.எஸ்.டி.யில் ஒரு தட்டு கூட்டோடும் அடுத்தது சைட் கியரோடும் சுற்றும்படி மாற்றி மாற்றி அடுக்கியிருப்பார்கள். வண்டி திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிகம் ஓட வேண்டும். அதற்குத் தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்க வேண்டும். வெறும் ஜி.எல்.-5 ஆயிலில் நிற்கும் தட்டை நகர்த்தத் தேவையான உராய்வு, நகரும் தட்டின் உராய்வைவிட அதிகம். அதனால் தட்டு ஒட்டும், பிய்த்துக்கொண்டு வழுக்கும், மறுபடி ஒட்டும். நொடிக்குப் பல தடவை நடக்கும் இந்த ஒட்டல்-பிய்த்தல்தான் உங்கள் 'கடகட'. ஃபிரிக்‌ஷன் மாடிஃபையர் என்ற சேர்மானம் அந்த நிலை உராய்வைக் குறைத்து, தட்டு சத்தமில்லாமல் நகரும்படி செய்கிறது. ஜி.எல்.-5 என்ற முத்திரை கிரவுன் பற்களைக் காக்கும் கந்தக-பாஸ்பரஸ் சேர்மானத்துக்கு மட்டுமே உறுதி. தட்டுகளைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. சர்வீஸ்காரர் தவறிய இடம் இதுதான்.

இரண்டு வழி உண்டு. நல்ல வழி, இருப்பதை வடித்துவிட்டுக் கையேடு சொல்லும் கிரேடில் எல்.எஸ். ஆயில் ஊற்றுவது. காஸ்ட்ரால், மோட்டுல், லிக்வி மோலி, ஷெல் ஆகியவை எல்.எஸ். வகைகளை விற்கின்றன, டப்பாவில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இரண்டாவது வழி, ஊற்றிய புது ஆயிலிலேயே மாடிஃபையர் சேர்ப்பது. அமெரிக்க அச்சுகளுக்கு வரும் வழக்கமான பாட்டில் 4 அவுன்ஸ், அதாவது சுமார் 118 மில்லி. முழுதையும் ஒரேயடியாகக் கவிழ்க்காதீர்கள். ஊற்றப்போகும் அளவுக்கு ஆயிலைக் குறைத்துக்கொண்டு 30 மில்லி சேருங்கள். காலி இடத்தில் எட்டு வடிவில் மெதுவாக, இரு பக்கமும் எட்டுப் பத்துச் சுற்று ஓட்டுங்கள். தட்டுகளுக்கிடையே ஆயில் புக அவ்வளவாவது வேண்டும். உதறல் நிற்காவிட்டால் இன்னொரு 30. உதறல் நின்ற இடத்தில் நிறுத்திவிடுங்கள். அளவு மீறினால் தட்டு வழுக்கிக்கொண்டே இருக்கும். மணலில் ஒரு சக்கரம் புதையும்போது எல்.எஸ்.டி. இருந்தும் இல்லாத கதைதான். ஏற்கனவே எல்.எஸ். என்று எழுதிய ஆயிலில் மாடிஃபையர் கலந்தே வருகிறது. அதில் மேலும் சேர்ப்பது பாயசத்தில் இரண்டாம் தடவை சர்க்கரை போடுவது மாதிரி.

சரியான ஆயில் ஊற்றி, எட்டுப் போட்டு, சில நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகும் உதறினால் தட்டுகள் சூட்டில் கண்ணாடிபோல் மினுக்கிப்போயிருக்கும். அப்போது டிஃபரன்ஷியலை இறக்கித்தான் ஆக வேண்டும்.

80டபிள்யூ-90, 75டபிள்யூ-90, 75டபிள்யூ-140 என்று கடையில் மூன்று நீட்டுகிறார்கள். எது கெட்டி? இஞ்சின் ஆயில் 40 என்றால் கியர் ஆயில் 90 இரண்டு மடங்கு கெட்டியா?
- வாசகர், சேலம்

இல்லை. இஞ்சின் ஆயிலுக்கும் கியர் ஆயிலுக்கும் எஸ்.ஏ.இ. என்ற பிசுபிசுப்பு எண் வரிசையே வேறு. 100 டிகிரி செல்சியஸில் கியர் ஆயில் 90-இன் பிசுபிசுப்பு 13.5-இலிருந்து 18.5 சென்டிஸ்டோக். இஞ்சின் ஆயில் 40 என்பது 12.5-இலிருந்து 16.3, 50 என்பது 16.3-இலிருந்து 21.9. ஆக 90 கியர் ஆயில், 40-க்கும் 50-க்கும் பக்கத்து வீடு. 140 மட்டும் நிஜமாகவே கெட்டி: 24-இலிருந்து 32.5.

டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிருக்கு. 80டபிள்யூ மைனஸ் 26 டிகிரி வரையிலும், 75டபிள்யூ மைனஸ் 40 வரையிலும் இளகியிருக்க வேண்டும் என்பது விதி. சேலத்தில் இதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. 75டபிள்யூ பெரும்பாலும் சிந்தெடிக்காக இருக்கும், சூட்டையும் நன்றாகத் தாங்கும், அதற்காக வாங்கலாம். 140-ஐக் கையேடு சொன்னால் மட்டும் போடுங்கள். டிரெய்லர் இழுப்பது, பாரத்தோடு மலை ஏறுவது போன்ற வேலைக்குச் சில கம்பெனிகள் அதைக் கேட்கின்றன. கெட்டி என்றால் பாதுகாப்பு என்று எல்லா வண்டியிலும் ஊற்றினால் டீசல் செலவுதான் கூடும்.

மஹிந்திரா தார் வண்டியில் உள்ள எம்.எல்.டி.யும் (மெக்கானிக்கல் லாக்கிங் டிஃபரன்ஷியல்) எல்.எஸ்.டி.யும் ஒன்றா? சேற்றில் சிக்கும்போது பின்னால் 'டக்'கென்று அடிக்கிறது. அதற்கும் எல்.எஸ். ஆயில் ஊற்றலாமா?
- வாசகர், கொடைக்கானல்

ஒன்றல்ல. எல்.எஸ்.டி. வழுக்கலைக் கட்டுப்படுத்தும், ஈட்டன் கம்பெனியின் இந்த மெக்கானிக்கல் லாக்கர் இரண்டு சக்கரத்தையும் முழுசாகப் பூட்டிவிடும். உள்ளே சிறு எடைக்கட்டைகள் கொண்ட கவர்னர் ஒன்று இருக்கிறது. இரண்டு பின் சக்கரங்களின் வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வித்தியாசம் வந்தால் எடைகள் விரிந்து கொக்கியில் மாட்டும், தட்டுகள் இறுகும், பூட்டு விழும். அந்த 'டக்' பூட்டு விழுந்த சத்தம், பழுதில்லை. மணிக்குச் சுமார் 32 கிலோமீட்டருக்கு மேல் பூட்டாதபடி இன்னொரு ஏற்பாடும் அதற்குள்ளேயே உண்டு.

சக்கரம் சுழலத் தொடங்கியதும் பயந்து ஆக்சிலரேட்டரைத் தட்டித் தட்டி விடுவதால்தான் பலருக்கு அது பூட்டுவதில்லை. வித்தியாசம் 100-ஐத் தொட வேண்டும். நிதானமாக மிதித்துப் பிடியுங்கள். பூட்டியதும் காலைக் குறையுங்கள். வெறி பிடித்தாற்போல் இஞ்சினை முடுக்கும்போது பூட்டினால் ஆக்சில் ஷாஃப்டுக்கு ஆபத்து.

ஆயில் விஷயத்தில் வண்டியின் கையேட்டில் பின் அச்சுக்கு என்ன எழுதியிருக்கிறதோ அதே தரம், அதே கிரேடு. கையேடு கேட்காத வரை தனி மாடிஃபையர் பாட்டில் எதுவும் வேண்டாம். பூட்டை இறுக்குவதும் உராய்வுதான். அதை வழுவழுப்பாக்கி என்ன லாபம்?

ஜிம்னி விளம்பரத்தில் 'பிரேக் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்' என்று இருக்கிறது. எல்.எஸ். ஆயில் தேடி அலைகிறேன்.
- வாசகர், கோவை

அலைய வேண்டாம். உள்ளே இருப்பது சாதாரண டிஃபரன்ஷியல். சுழலும் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து, மற்றதற்கு முறுக்கு போகும்படி கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. பெயரில்தான் எல்.எஸ்.டி. இருக்கிறது, தட்டு கிடையாது. கையேட்டில் உள்ள கியர் ஆயில் போதும்.

ஒர்க்‌ஷாப் போகாமல் நானே பின் கிரவுன் ஆயிலை மாற்ற நினைக்கிறேன். எல்.எஸ்.டி. என்பதால் தனியாகக் கவனிக்க வேண்டியது உண்டா?
- வாசகர், ஈரோடு

ஒரு பத்துக் கிலோமீட்டர் ஓட்டி ஆயிலைச் சூடாக்கிவிட்டு, சமதளத்தில் நிறுத்துங்கள். முதலில் திறக்க வேண்டியது மேலே உள்ள ஊற்றும் பிளக். அது துருப்பிடித்துத் திறக்க மறுத்தால் அன்றைக்கு வேலையை அதோடு விட்டுவிடலாம். வடிக்கும் பிளக்கை முதலில் கழற்றி எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, பிறகு மேல் பிளக் வரவில்லை என்றால் வண்டியைக் கட்டி இழுத்துத்தான் போக வேண்டும். பிளக் தலை அறுகோணமா, அலன் கீயா, அரை இஞ்ச் சதுரமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சரியான சாவி இல்லாமல் குறடு போடாதீர்கள்.

வடியும் ஆயிலைக் கவனியுங்கள். பால் கலந்த காபி நிறம் என்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வாய்க்கால், ஆறு இறங்கிய வண்டிகளில் ஹவுசிங் மேலே உள்ள பிரீதர் என்ற காற்றுத் துளை அடைத்திருந்தால் சூடான ஹவுசிங் தண்ணீரில் சட்டென்று குளிரும்போது ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். வெயிலில் அதே அடைப்பு அழுத்தத்தை ஏற்றி ஆயிலைப் பிரேக் டிரம்முக்குள் தள்ளும். சீல் மாற்றியும் கசிகிறது என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் பிரீதரைப் பார்த்திருக்க மாட்டார்கள். கழற்றி, ஊதி, காற்றுப் போகிறதா என்று சரிபாருங்கள்.

காந்தப் பிளக்கில் மை போன்ற சாம்பல் பசை ஒட்டியிருப்பது இயல்பு. விரலில் தட்டுப்படும் துணுக்கு, ஊசி போன்ற சீவல், உடைந்த பல் இருந்தால் ஆயில் மாற்றிப் பயனில்லை. எல்.எஸ்.டி.க்கே உரிய அடையாளம் இன்னொன்று: ஆயில் கருத்துத் தீய்ந்த வாடை அடித்தால் தட்டுகள் வெந்திருக்கின்றன.

வாஷரைப் புதிதாகப் போட்டு வடிப் பிளக்கை இறுக்குங்கள். கைப் பம்பால் புது ஆயிலை ஏற்றுங்கள். ஜீப், பிக்கப் வண்டிகளின் பின் அச்சு பெரும்பாலும் ஒன்றரை முதல் மூன்று லிட்டர் வரை குடிக்கும். கையேட்டின் அளவுக்கு மேல் அரை லிட்டர் கையில் வைத்துக்கொள்ளுங்கள். துளையின் கீழ் விளிம்பில் வழியத் தொடங்கியதும் நிறுத்தி, சொட்டு நின்றதும் மூடுங்கள். விரலை மடக்கி உள்ளே விட்டால் விளிம்புக்கு 5 மில்லிமீட்டருக்குள் ஆயில் தொட வேண்டும். தனி மாடிஃபையர் ஊற்றுவதானால் ஆயிலுக்கு முன்னால் ஊற்றுங்கள். பின்னால் ஊற்றப் போனால் இடம் இருக்காது, வழிந்துவிடும். கடைசியில் எட்டுப் போட மறக்காதீர்கள்.

மாடிஃபையர் காலப்போக்கில் தன் சக்தியை இழக்கும். ஆயில் பார்க்கச் சுத்தமாக இருந்தும் மெல்ல உதறத் தொடங்கினால் கெடு வரும்வரை காத்திருக்காமல் மாற்றிவிடலாம்.

எல்.எஸ். ஆயில் ஒரு லிட்டர் மிச்சம். கியர் பாக்ஸில் ஊற்றலாமா?
- வாசகர், மதுரை

கூடாது. கியர் விழ, வேகத்தைச் சமமாக்கும் சிங்க்ரோ வளையம் கியரின் கூம்பைக் கவ்வ வேண்டும். மாடிஃபையர் அந்தக் கவ்வலையே கெடுக்கும், கியர் கரகரக்கும். போதாததற்கு, ஜி.எல்.-5-இன் கந்தகச் சேர்மானம் பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும். ஜி.எல்.-4 கேட்கும் பாக்ஸுக்கு ஜி.எல்.-4. மிச்சத்தை இறுக மூடி அடுத்த முறைக்கு வையுங்கள்.

பின்னால் ஒரு டயர் மட்டும் வெடித்துவிட்டது. ஒன்று மட்டும் புதிது போட்டால் எல்.எஸ்.டி.க்கு ஏதாவது ஆகுமா?
- வாசகர், கூடலூர்

ஆகும். 8 மில்லிமீட்டர் பட்டன் உள்ள புது டயரும் 2 மில்லிமீட்டருக்குத் தேய்ந்த பழையதும் சேர்ந்தால் ஆரத்தில் 6 மில்லிமீட்டர் வித்தியாசம். பிக்கப் அளவு டயரில் இது கிலோமீட்டருக்கு ஏழு சுற்று. கூடலூரிலிருந்து மைசூர் போகும் நேர்ச்சாலையில்கூட தட்டுகள் ஓயாமல் ஒன்றோடொன்று தேய்ந்துகொண்டே இருக்கும். ஆயில் வெந்து, தட்டும் வேகும். பின் அச்சில் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். நல்ல பழையதை ஸ்டெப்னியாக்குங்கள். அவசரத்துக்கு வேறு அளவு ஸ்டெப்னி போட வேண்டி வந்தால் அதை முன்னால் மாட்டி, முன்னால் உள்ளதைப் பின்னுக்குக் கொண்டுபோங்கள். 2 ஹெச்சிலேயே ஓட்டுங்கள்.

டிராக்டரில் டிஃப் லாக் பெடல் இருக்கிறது. அதற்கும் எல்.எஸ். ஆயில் வேண்டுமா?
- வாசகர், தஞ்சாவூர்

வேண்டாம். பெடலை மிதிக்கும்போது பல் பல்லோடு கோக்கும் நேரடிப் பூட்டு அது. பல டிராக்டர்களில் பிரேக் தட்டுகளும் ஹைட்ராலிக்கும் அதே ஹவுசிங் ஆயிலில்தான் முழுகியிருக்கின்றன. அங்கே யூ.டி.டி.ஓ. என்ற டிராக்டர் ஆயில்தான் ஊற்ற வேண்டும். கார் கிரவுனுக்கான எல்.எஸ். ஆயிலை விட்டால் பிரேக் பிடிப்பு கெடும். சேற்றில் சிக்கும்போது சக்கரம் சுழன்றுகொண்டிருக்கையில் பெடலை மிதிக்காதீர்கள், பல் உடையும். கிளட்ச் மிதித்து, சக்கரம் நின்ற பிறகு பெடலை அழுத்தி, மெல்ல நேராக வெளியேறுங்கள். வரப்பில் திரும்புவதற்கு முன் காலை எடுத்துவிடுங்கள்.